எட்டடிக்கு ஓரங்குலம் குறைவு

நவம்பர் இரண்டாம் வாரம்
மைதானத்துக் கொடிகளையெல்லாம் பிடுங்கிக்
கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.
அன்று மாலையே வெர்லின்
அளவு நாடாவோடு நிலவறைக்குள் இறங்கினான்.

எட்டடிக்கு ஓரங்குலம் குறைவு.
மறுபடி அளந்தான்,
கொதிகலன் அருகே, படிக்கட்டுக்குக் கீழே.
வீடு மனம் மாறவில்லை.

ஆறடி இரண்டங்குல ஆள்.
டிரைவரை ஓங்கினால் உத்தரத்தில் இடிக்கும்.
டிரைவர் என்றால் அவன்தான் என்று
இருபது வருடம் நினைத்திருந்தேன்,
மட்டைக்கும் அதே பெயராம்.

கராஜில் வைக்கலாமே என்றேன்.
கராஜில் உயரம் உண்டு, சூடு கிடையாது.
பெமிட்ஜியின் ஜனவரியில்
அங்கே பெயின்ட் டப்பாவே கல்லாகிவிடும்.

டுலூத் கடையில் ஜோலீன் என்றொருத்தி
பொறுமையாக விளக்கினாள்.
ராடார் வைத்தது பந்துக்குப் பின்னால் எட்டடி தள்ளி உட்காரும்,
பறப்பதைப் பார்க்க முன்னாலும் அவ்வளவு கேட்கும்.
கேமரா வைத்தது பந்தின் பக்கத்திலேயே குந்திக்கொள்ளும்,
அடி விழும் அந்த ஒரு கணத்தைப் பார்த்து
மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிடும்.
"பந்து பறக்க வேண்டாமா?"
"வேண்டாம். எங்கே போயிருக்கும் என்று அதற்குத் தெரியும்."

வெர்லின் கேட்டது காற்றைப் பற்றி.
காற்றுக்கு ஒரு பொத்தான் இருந்தது.
மழைக்கு இருந்தது, மாலை வெயிலுக்கு இருந்தது.
பனிக்கு இல்லை என்றாள்.
பர்ஸை எடுத்துவிட்டான்.

நான் கேட்டது இடக்கைக்காரர்களைப் பற்றி.
ஜோலீன் அவனைப் பார்த்தாள்.
நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன்.
தலைக்கு மேல் மாட்டும் ரகம் இரண்டு கைக்கும் ஒத்துவருமாம்,
அதற்குக் கூரையும் உயரணும், கடனும் உயரணும்.
இதுவென்றால் எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் போதும்,
ஒரு நிமிஷ வேலை.
"இவள் ஆடுவதில்லை" என்றான் வெர்லின்.
நிஜம்தான்.

உத்தரத்தில் பழைய தலையணை ஒன்றைக் கட்டினோம்.
சத்தம் மேலே வராமலிருக்கத்
திரைக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தினோம்.
வந்தது.

ராத்திரியெல்லாம் கவுன்ட்டி சாலைகளில்
பனி தள்ளும் லாரி ஓட்டிவிட்டு
நாலு மணிக்கு வருவான்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கிவிடுவான்.
என் கட்டிலுக்கு அடியில்
டொம்.
எண்ணுவேன். பன்னிரண்டு, சில நாள் முப்பது.
எல்லாம் குட்டை மட்டைதான், முதுகைக் குனிந்து, அரை வீச்சு.
டிரைவர் உறை மாட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறது.

நேற்று மூன்றோடு நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தால்
மடக்கு நாற்காலியில், ஆரஞ்சு மேலங்கியோடு,
வாய் திறந்து தூங்குகிறான்.
சுவர் முழுக்கக் காலை பத்து மணி வெயில்.
புல் அப்படியொரு பச்சை.
பறவைச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தான்,
அது என்னை எழுப்பிவிடும் என்று.

கேமராவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.
ஒரு நிமிஷமில்லை, ஏழு நிமிஷம் பிடித்தது.
துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து
என் இடக்கை மட்டையை உருவினேன்.
தேவாலயத்து மலிவு விற்பனையில் எட்டு டாலர்.
போன வசந்தத்தில் வாங்கியது,
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐந்தடி ஓரங்குலம் நான்.
எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓங்கினேன்.
தலையணைக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

டொம்.

அவன் அசையவில்லை.
பந்து எண்பத்தொன்பது கெஜம் போனது,
இடப்பக்கம் வளைந்து ஏரியில் விழுந்தது.
தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்து
கரை தொட்டது.
எங்கள் தெருக்கோடி ஏரியின் மேல் இப்போது
இரண்டடிப் பனிக்கட்டி,
அதன் மேல் மீன்பிடிக் குடிசைகள்,
யாரோ நிறுத்திப்போன பிக்கப் லாரி.

திரையின் மூலையில் எழுத்து வந்தது:
வெர்லின். 89. தண்ணீர்.

அழிக்கத் தெரியவில்லை.
கேமராவைப் பழைய இடத்தில் வைத்தேன்,
மட்டையையும்.
சாயங்காலம் பார்த்துக் குழம்பட்டும்.