சைட் நம்பர் நாற்பத்தேழு

மூன்று மாதமாக என் உயரம் முழங்கால்.
அதற்கு மேல் போனால் விரல் நடுங்குகிறது,
கீழே வந்தால் புல் பிளேடைப் பிடிக்கிறது.

வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.
பதினெட்டாம் மாடியில், இருட்டுக் குழிக்குள்
கம்பி வடத்துக்குக் கிரீஸ் தடவுகிறவனுக்கு
முழங்கால் உயரத்தில் தலை சுற்றுகிறது என்றால்
யார் நம்புவார்கள்?

பாகலூர் தாண்டி ஒரு லேஅவுட்.
வெள்ளையடித்த கல், நம்பர், மறுபடி கல்,
இன்னும் வராத தெருக்களுக்கு
வந்து நிற்கும் பெயர்ப்பலகைகள்.
நாற்பத்தேழு, முப்பதுக்கு நாற்பது சைட்.
பெங்களூரில் பதினோரு வருடம் வாடகை கொடுத்தவன்
ஞாயிறு காலை ஆறரை முதல் எட்டு வரை
அதன் மேலிருக்கும் காற்றுக்கு
யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை.

காலில் குறுக்காகக் கட்டிய இரண்டு குச்சி,
நுனிகளில் நான்கு பிங்பாங் பந்து.
ஹெலிகாப்டர் என்று சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள்,
வாக்கர் பிடித்து நடக்கும் தட்டான்.

சும்மா நிற்பதுதான் கஷ்டம்.
போ என்றால் போகும், திரும்பு என்றால் திரும்பும்.
நில் என்பதை மட்டும்
நூறு தடவை சொல்ல வேண்டும்,
ஒரே மூச்சுக்குள்,
கட்டை விரலால்,
குரல் உயர்த்தாமல்.

முதல் மாதம் ஐந்து ஜோடி பிளேடு.
எஸ்பி ரோட்டில் ஃபயாஸ்
நான் படியேறும்போதே டப்பாவைத் திறந்துவிடுவான்.
‘வால்தானே?’
‘வாலும்.’

வால் என் பக்கம் இருக்கும்வரை சிக்கலில்லை.
மூக்கைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டால்
என் வலது அதன் இடது.
காப்பாற்றப் போய் நானே தரையில் குத்துகிறேன்.
‘எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்தப் பக்கமே ஸ்டிக்கைக் கொடு’ என்றான் ஃபயாஸ்,
சில்லறை எண்ணிக்கொண்டே.
சொல்லிவிட்டான். என் விரல்கள்
அந்தக் கடைக்கு வந்ததே இல்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
சைட்டில் நான்கு முளைக்குச்சி, சுண்ணாம்புக் கோடு,
உடைந்த தேங்காய் மூடியில் எறும்பு.
கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே நிற்கிறார் ஒரு பெண்.
சௌபாக்யா, எலஹங்காவில் மெஸ் நடத்துகிறவர்.
நான் பெட்டியை மூடப் போனேன்.
‘முச்சபேடி’ என்றார்.
‘அது எவ்வளவு உயரம் போகும்?’

அது போகும். நான்தான் போனதில்லை.

‘மேல் ரூம் எங்கே வருமென்று காட்டுங்களேன்.
பிளானைப் பார்த்தால் எனக்குப் புரியவில்லை.
தாளில் எல்லாம் படுத்தே கிடக்கிறது.’

மாடிக்குப் பத்தடி, ஜன்னலுக்கு இன்னும் நாலு.
அந்தக் கணக்கு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.
முழங்கால் தாண்டியது. இடுப்பு. தலை.
பந்துகள் சிறுத்தன.
‘இப்போது கூரை’ என்றேன்,
‘இப்போது தரை’ என்றேன், ஒரே உயரத்துக்கு.
பதினாலடியில் காற்று வேறு ஊர்க்காற்று.
நான் சொன்னேனா அதுவாகவா, தெரியாது,
மெதுவாகத் திரும்பி
மூக்கைக் காட்டி என்னைப் பார்த்தது.

இடப்பக்கம் சாய்ந்தது.
இடப்பக்கமே கொடுத்தேன்.

நின்றது.

அவர் அண்ணாந்தபடி, இல்லாத சுவரை நோக்கிக் கை நீட்டி,
‘ஜன்னல் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்’ என்றார்.
எந்தப் பக்கம் என்று கேட்காமல்
அந்தப் பக்கம் போனேன்.

இறங்கும்போது ஒரு பந்து கழன்று
வருங்காலச் சமையலறைக்குள் உருண்டது.
அவரே எடுத்து வந்து தந்தார்.
‘அங்கிருந்து என்ன தெரிந்தது?’
‘நான் இங்கேதானே நின்றேன்.’
ஆமாம் இல்லையா, என்று சிரித்தார்,
ஆனாலும் இன்னொரு தடவை மேலே பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அங்கே அஸ்திவாரக் குழி.
ஐம்பத்திரண்டு இன்னும் காலியாக இருக்கிறது.
கல்லில் நம்பர் பாதி அழிந்துவிட்டது,
புல் கொஞ்சம் உயரம்.