சந்தா மட்டும் கட்டுகிறவர்களுக்கு

பதிவேட்டில் நாற்பத்து மூன்று பெயர்.
போன ஞாயிறு வந்தது, என்னையும் சேர்த்து, நான்கு.
நாயோடு ஐந்து.
அது கசாப்புக் கடை வீட்டு நாய்,
அதற்குக் கார் கிடையாது.

துராஸ்னோ பழைய கார்ச் சங்கத்தின் செயலாளர்
நில்டா எச்செகராய் எழுதுகிறேன்.
கோபமில்லை.
சந்தாவைத் தேதி தவறாமல் கட்டுகிறீர்கள்,
ஆண்டு விருந்தில் கடைசி எலும்புவரை இருக்கிறீர்கள்,
நன்றி.
ஆனால் ஜூலைக் குளிரில், ரயில் கொட்டகைக்குப் பின்னால்,
மாத்தேயும் வெந்நீர்க் குடுவையுமாக நிற்கும்போது
முப்பத்தொன்பது பேர் வராத இடம்
எவ்வளவு அகலம் என்பது
வராதவர்களுக்குத் தெரிய வழியில்லை.

உங்கள் காரணங்கள் எனக்கு மனப்பாடம்.
பல்தசார், உங்கள் மோரிஸுக்கு இன்னும் சாயம் பூசி முடியவில்லை.
பதினோரு வருடமாக முடியவில்லை.
நாங்கள் என்ன, நகை மதிப்பிடவா வருகிறோம்?
யமாந்து, உங்கள் ஃபியட்டின் கதவு
உள்ளிருந்து திறக்காது என்கிறீர்கள்.
வாருங்கள்,
வெளியிலிருந்து திறந்துவிடுகிறோம்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒஃபெலியா பேருந்தில் வந்து இறங்கினார்.
கோட்டுப் பைக்குள் ஒரு சாவி, அவ்வளவுதான்.
அண்ணன் விட்டுப்போன போர்க்வார்ட்
ஆறு வருடமாகக் கோழிக் கொட்டிலில் இருக்கிறதாம்.
"எனக்கு ஓட்டத் தெரியாது.
சங்கத்தில் இடமுண்டா?"
விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினேன்.
ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை.
எழுத மறந்திருக்கிறோம்.
நல்லதாய்ப் போயிற்று.

என் ஓப்பலில் நெருக்கியடித்துப் போனோம், நாய் உட்பட.
டயர் நான்கும் தரையோடு தரையாக.
பெட்ரோல் பழைய வார்னிஷாக நாறியது.
முன் இருக்கையில் ஒரு கோழி,
எழுந்திருக்க மறுத்துவிட்டது.
என் பேட்டரியைக் கழற்றி அதில் இணைத்தோம்.
விளக்கு எரியவில்லை, எஞ்சின் முனகக்கூட இல்லை,
ஹாரன்,
ஹாரன் மட்டும்
யாரும் தொடாமல் அலறத் தொடங்கியது.
ஆறு வருடத்துப் பேச்சு அதனிடம் மிச்சமிருந்தது போல.
நிறுத்தும் வழி ஒருவருக்கும் தெரியவில்லை.

பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒருவர்
ஒற்றைக் கால் பூட்ஸோடு ஓடிவந்தார்,
யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று.
எபெர் லரால்தே. கம்பியைப் பிடுங்கியவர் அவர்தான்.
காது அடைத்துப்போன அந்த நிசப்தத்தில் முதலில் கேட்டது:
"அடுத்த கூட்டம் எப்போது?"
அவரிடம் டிராக்டர்தான் இருக்கிறது.
சேர்த்துக்கொண்டோம். நாற்பத்தைந்தாவது பெயர்;
நாற்பத்து நான்கு ஒஃபெலியா.

பிறகு காற்றடித்துத் தள்ளினோம்.
தேருக்குத்தான் ஊர் கூட வேண்டும்,
போர்க்வார்டுக்கு ஐந்து பேர் போதுமென்று நினைத்தோம்.
போதவில்லை.
பாதி வெயிலில், பாதி கொட்டிலில்,
பிறக்கும்போதே நடுவில் நின்றுபோன கன்றைப் போல
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி
ஒஃபெலியாவை உள்ளே உட்காரவைத்திருந்தோம்.
நாங்கள் மூச்சு வாங்கிக் கைகளை உதறிய பிறகும்
அவர் இறங்கவில்லை.
கண்ணாடி வழியே எதிரே தெரிந்த
வெறும் புல்வெளியைப் பார்த்தபடி இருந்தார்,
பக்கத்தில் அந்தக் கோழி.

வரும் ஞாயிறு மீதிப் பாதி.
ஒன்பது மணி என்றால் ஒன்பதரை.
கார் கிளம்பாவிட்டால் பேருந்தில் வாருங்கள்,
அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.
உங்கள் கொட்டகையில் தினமும் காலில் இடறும் அந்தக் கார்புரேட்டரை
இன்னொருவர் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கலாம்,
அதையும் எடுத்து வாருங்கள்.

பல்தசார், பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் உங்களிடம்தான் இருக்கிறது.
எனக்குத் தெரியும், என்னுடையது அது.
அதை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.
நீங்களே கொண்டுவந்தாலும்
ஆட்சேபமில்லை.

கோழியை எழுப்ப யாருக்காவது யோசனை இருந்தால்
முன்கூட்டியே சொல்லவும்.