ரிட்டன் லோடு

ரவுண்டானா தாண்டி மூன்றாவது கடை.
நாள் முழுக்க அடுத்தவர் பெயர்களை
நகல் எடுக்கிறவள் நான்.
பட்டா, சிட்டா, இறப்புச் சான்று,
யாரோ ஒரு பிள்ளையின் ஹால் டிக்கெட்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இன்றுதான் முதல்முறையாக
எங்கள் பெயர்களைத் தட்டுகிறேன்.

பயணி ஒன்று: மாதம்மாள், நாற்பத்தேழு.
பயணி இரண்டு: தீர்த்தகிரி, ஐம்பத்திரண்டு.
அந்தப் பிறந்த தேதி வாத்தியார் வைத்தது.
அவரோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த
பதினொரு பேருக்கும் அதே மே பத்து.

புறப்படும் இடம்: போர்ட் பிளேர்.
சேரும் இடம்: நீல் தீவு.
இருக்கையில் மூன்று வகை.
விலை குறைந்ததற்கு ஜன்னல் உண்டா
என்று எங்கும் எழுதியில்லை.

இருபத்தெட்டு வருஷம் லாரி.
ராயக்கோட்டைத் தக்காளியை நாக்பூருக்கு,
மாங்கூழ் டின்களை குவாஹாத்திக்கு
ஏற்றிப் போனவர்.
கிரானைட்டோடு சென்னைத் துறைமுக வாசலில்
மூன்று நாள் வரிசையில் கிடந்திருக்கிறார்.
கடலைப் பார்த்தீங்களா என்றால்
கன்டெய்னருக்கும் கன்டெய்னருக்கும் நடுவில்
சாம்பலாய் என்னவோ இருந்தது என்பார்.
படகு என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி:
"அதுல பிரேக் எங்க இருக்கும்?"

ஏலச்சீட்டு என் பெயருக்கு விழுந்த அன்று
அச்சு சரியாய் விழாத ஒரு தாளின் பின்பக்கம்
கணக்குப் போட ஆரம்பித்தேன்.
ரயில். விமானம். படகு. அறை.
இஞ்சி மிட்டாய். குடை இரண்டு.
ஓசூரிலிருந்து மகள் போனில் சொன்னாள்,
"காத்தடிச்சா படகை நிறுத்திடுவாங்கம்மா,
நடுவுல ஒரு நாள் சும்மா வைங்க."
எழுதினேன்: சும்மா, ஒரு நாள்.
எதிரே என்ன தொகை போடுவது என்று
வெகுநேரம் தெரியவில்லை.

தண்ணீர் இவருக்கு ஒத்துக்கொள்ளுமா பார்ப்போம் என்று
ஒகேனக்கல் போனோம்.
நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை.
கயிறு கட்டிய கரையில் நின்று
மீன் வறுவல் தின்றுவிட்டு
பென்னாகரம் பஸ்ஸில் திரும்பினோம்.

பிறகு மாங்கனிக் கண்காட்சியில்
கொலம்பஸ் ஏறினோம்.
அது மேலே போய் ஒரு நொடி நிற்கும்போது
அவர் கம்பியை கியர் போலப் பிடித்து
இடது காலால் இல்லாத கிளட்சை மிதித்தார்.
இறங்கியதும்
டெல்லி அப்பளக் கடைக்குப் பின்னால்
வாந்தி எடுத்தது நான்.
சொம்பில்லாமல் தன் கையாலேயே
தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.
"அப்ப நீ வரலையா?"
"போறதே நான்தான். நீங்க துணைக்கு."

இப்போது திரை கேட்கிறது:
ஒரு வழியா, இரு வழியா?
பக்கத்து ஸ்டூலில் இருந்து எட்டிப் பார்க்கிறார்.
"ரிட்டன் லோடு என்ன?"

சிரிக்கத்தான் வந்தது எனக்கு.
ஆனால் அவர் சிரிக்கவில்லை.
காலியாய்த் திரும்பினால் டீசல் கைவிட்டுப் போகும் என்று
முகம் தெரியாத ஊர்களின் புக்கிங் ஆபீஸ் வாசலில்
இரண்டு நாள், நாலு நாள்
வண்டிக்கடியில் பாய் விரித்துக் காத்துக் கிடந்தவர்.
வெங்காயம் கிடைக்கும், தகரம் கிடைக்கும்,
ஒருமுறை சர்க்கஸ்காரர்களின் நாற்காலிகள் கிடைத்தன.
எங்கள் கல்யாண நாட்களில் பாதி
அப்படித்தான் போயின.

"ஒண்ணுமில்ல," என்றேன்.
"காலியாத்தான் வரோம்."

மேம்பாலத்தில் ஒரு வண்டி இறங்கும் சத்தம்.
டயர் எத்தனை என்று
மனசுக்குள் எண்ணியிருப்பார்.
"சரி," என்றார். கொஞ்சம் கழித்து,
"ஒரு கிளிஞ்சலாவது ஏத்திக்கலாம்."

பணம் கட்டும் பக்கம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு
எடைமேடைச் சீட்டைப் படிப்பவர்போல்
தெருவுக்கே கேட்கும்படி
ஒவ்வொரு எண்ணாய்ச் சொல்கிறார்:
நாலு.
ஏழு.
சைபர்.