இல்லாத நிறுத்தம்

எழுதியவன் நான்தான்.
வூச் நகரம், ஜனவரி, பதினேழாம் தட டிராம்:
"காலை 5.20. ஓட்டுநர் தள்ளாடுகிறார். குடித்திருக்கலாம்."
அந்தக் 'கலாம்' எனக்காக நான் போட்டுக்கொண்ட குடை.

ஊதச் சொன்னோம். ஊதினாள்.
கருவி பூஜ்யம் காட்டியது.
வேறு கருவி கொண்டுவரச் சொன்னேன்.
அதுவும் பூஜ்யம்.
இரண்டையும் விட்டு என் மூக்கை நம்பினேன்.
அவள் மூச்சில் ஆரஞ்சு மிட்டாய் வாசம்.
மறைக்கத்தான் தின்கிறாள் என்று அதையும் எழுதினேன்.

நடந்தது இவ்வளவுதான்.
இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி
நான்கு கதவுகளையும் பனிக்குத் திறந்துவிட்டு
ஒலிபெருக்கியில் நிதானமாக அறிவித்திருக்கிறாள்:
"சாயப்பட்டறை."
அந்த நிறுத்தத்தை எடுத்து முப்பது வருஷம்.
யாரோ ஒரு கிழவர் மட்டும்
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
அங்கே இறங்கிப் போனாராம்.

ஹால்ஷ்கா.
இரண்டு வருஷத்தில் மூன்று முறை
சீருடையைப் பிரித்துத் தைத்தவள்.
சட்டைப் பையில் எந்நேரமும் சர்க்கரைக் கட்டிகள்.
"குதிரைக்கா?" என்று பணிமனையில் கேட்பார்கள்.
சிரித்தவர்களில் நானும் உண்டு.
ஒரு மருத்துவர் வயசு என்றார்.
ஒருவர் நரம்பு என்றார்.
ஒருவர் தூக்கமாத்திரை எழுதினார்.
நான்காவதாக வந்த இளம்பெண்தான்
"சாப்பிடாமல் இருந்து காட்டுங்கள்" என்றாள்,
"எழுபத்திரண்டு மணி நேரம், எங்கள் கண் முன்னால்."

துணைக்கு யார் என்ற கட்டத்தில்
ஹால்ஷ்கா என் பெயரை எழுதியிருந்தாள்.
ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தண்ணீர். பால் சேர்க்காத, இனிப்பில்லாத காப்பி.
ஆறு மணிக்கொருமுறை ஒரு துளி ரத்தம்.
முதல் நாள் சீட்டு விளையாடினோம், அவள் ஜெயித்தாள்.
இரண்டாம் நாள் விடியலில்
சீட்டை அடுக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
முப்பத்தோராம் மணி.
நெற்றி நனைந்தது. கை நடுங்கியது.
என்னைப் பார்த்து, "டிக்கெட்?" என்றாள்.
சட்டைப் பையைத் துழாவினேன்
உண்மையாகவே.

சர்க்கரை முப்பத்தாறு.
டோப்ரோக்னா என்ற அந்தச் செவிலி
குளுக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டே
முதலில் ரத்தம் எடுத்தாள், ஒரு குழாய், இன்னொரு குழாய்.
கொடு, கொடு என்று கத்தினேன்.
"திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதுதான்
கைரேகை எடுக்க வேண்டும்" என்றாள், நிமிராமல்.
பிறகு ஊசி ஏறியது.
ஹால்ஷ்காவின் முகத்துக்குள்
யாரோ விளக்கு போட்டுக்கொண்டே வந்தார்கள்,
அறை அறையாக.

கணையத்தின் வாலில், பதினான்கு மில்லிமீட்டர்.
செர்ரிக் கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
படத்தில் இரண்டு தடவை ஒளிந்துகொண்டது.
இன்சுலின் சுரக்கும் கட்டி. புற்று இல்லை, விரோதமும் இல்லை.
கதவைத் திற என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொண்டு
நிறுத்தம் வந்ததா என்று கேட்காமல்
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
உடம்பின் கதவுகளெல்லாம் திறந்தன.
சர்க்கரை முழுக்க இறங்கிப் போய்விட்டது.
கடைசி நிறுத்தத்தில், பனியில்,
மூளை தனியாக நின்றுகொண்டிருந்தது.

தோண்டி எடுத்துவிட்டார்கள்.
சில நாள் சர்க்கரை எகிறியது, பிறகு அடங்கியது.
அறிக்கையைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன்.
படிவத்தில் மது, அலட்சியம், உறக்கம்,
மூன்றுக்கும் கட்டம் இருந்தது.
நான்காவதை ஓரத்தில் பேனாவால் நானே வரைந்தேன்.
எழுத்தர் அது செல்லாது என்றார்.

செப்டம்பரில் திரும்ப வந்தாள்,
சீருடை இப்போது தொளதொளவென்று.
மிட்டாய் நீட்டினேன். "வேண்டாம், திகட்டுகிறது."
மன்னிப்பு என்ற சொல் என் வாயிலேயே கரைந்தது.

கட்டுப்பாட்டு அறைத் திரையில்
பதினேழு ஒரு பச்சைப் புள்ளி.
காலை 5.20க்கு, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே,
அது கொஞ்சம் மெதுவாகிறது.
நிற்பதில்லை. கதவு திறப்பதில்லை.
நாலு நொடி தாமதம், தினமும்.
நாலு நொடிக்கு மேல் போனால் குறிக்க வேண்டும் என்று விதி.

நான் எண்ணுகிறேன்.
மூன்றிலிருந்து கொஞ்சம் மெதுவாக.