விளிம்புச் செய்தி

ஓவ்லுவில் இரவு இரண்டு மணி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஹெல்யா மொய்லனன் அரைக்கைச் சட்டையோடு
கணினிகள் வெந்நீராய் மூச்சு விடும் வரிசையில் நிற்கிறாள்.
அவள் துரத்துவது மூன்று மைக்ரோநொடி.

கண் இமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்றார்கள்
இலக்கணம் செய்தவர்கள்.
அந்த மாத்திரைக்குள் இவள் அனுப்பும் எட்டு பைட்டு
ஐம்பதாயிரம் முறை போய்ச் சேரும்.
மந்தம் என்கிறாள்.

பொத்னியா வளைகுடாவை
ஐந்நூற்றுப் பன்னிரண்டு துண்டாய் அறுத்து
கணுவுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு கணுவுக்கும் தன் கடல் தெரியும்,
தன் பனிப்பாளத்தின் கனம் தெரியும்.
பக்கத்துக்காரன் விளிம்பில் நடப்பது மட்டும் தெரியாது.
அது வந்தால்தான்
கடலில் அடுத்த பத்து நொடி நகரும்.
கணக்கிடும் நேரம் கொஞ்சம்.
காத்திருப்புதான் மின்கட்டணம்.

ஐந்துக்குள் முன்கணிப்பு போகவேண்டும்.
ஐந்தரைக்கு கெமி துறைமுகத்தில்
பனியுடைக்கும் கப்பல் கயிறு அவிழ்க்கும்.
அதன் இயந்திர அறையில் ரைமோ,
அவள் தம்பி.
அது பிறகு.

முதல் குற்றவாளி எளிதில் அகப்பட்டது:
பிணைய அட்டை ஒரு செயலியின் பக்கம்,
வேலை நடப்பது மற்றதில்.
அடுப்பு ஒரு வீட்டில், உலை ஒரு வீட்டில்.
இழுத்து ஒன்றாய்க் கட்டினாள். மூன்று புள்ளி நான்கு.

அடுத்தது இயங்குதளம்.
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை.
அட்டை தயார், கம்பி தயார்;
நடுவில் கர்னல்
ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து,
படியெடுத்து, முத்திரை குத்தி, மறுபடி கட்டி.
அவரைச் சுற்றிக்கொண்டு
நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு
நேராக ஒரு வாசல் வெட்டினாள்.
ஒன்று புள்ளி எட்டு.

மணி அடித்தால் எழுகிறேன் என்று தூங்கிய செயலியிடம்
தூங்காதே, வாசலையே பார் என்றாள்.
ஒன்று புள்ளி இரண்டு.
மின்சாரம் கூடுதலாய்த் தின்னும்.
தின்னட்டும்.

(கம்பியைப் போன வாரமே சுருக்கியாயிற்று.
முப்பது மீட்டர் மூன்றானதில்
கிடைத்தது நூற்று முப்பத்தைந்து நானோநொடி.
ஒளியிடம் அதற்குமேல் பேரம் படியாது.)

அப்படியும் கடல் நொண்டியது.
எட்டு பைட்டு பறந்தது, சரி;
விளிம்பு என்பது பன்னிரண்டாயிரம் பைட்டு.
மிச்சமிருந்தது மரியாதை.

அனுப்பலாமா?
அனுப்பு.
இதோ.

ஒரு சேதிக்கு மூன்று பயணம்.
கப்பல் சரக்கென்றால் நியாயம், இறக்க இடம் வேண்டும்.
விளிம்புக்கு எதற்கு?
வரம்பை உயர்த்தினாள்:
இதற்குக் கீழே கேட்காதே, போட்டுவிடு.
அந்தப் பக்கம் எடுக்க நேரமாகலாம். கிடக்கட்டும்.

நாலு இருபதுக்குக் கடல் முடிந்தது.

ஆறு வருடமாய் ரைமோவுக்கும் அவளுக்கும்
இதே வழக்கம்தான்.
நேரம் இருக்கா?
இப்போ இல்லை. உனக்கு?
தூங்கிவிட்டிருந்தேன். இப்போ?
கைகுலுக்கலிலேயே தேய்ந்துபோகும் மாதம்.
சொல்ல வந்தது
அப்பாவின் படகு விற்ற பணத்தைப் பற்றி;
அது யாருக்கு நியாயம் என்பதுகூட
இப்போது சரியாய் நினைவில்லை.

நாலு இருபத்திரண்டு.
கேட்காமல் அனுப்பினாள்:
"ஹைலுவோத்தோவுக்கு வடக்கே பனி மேடு கட்டுகிறது.
படகுப் பணத்தை நீயே வைத்துக்கொள்."

இருட்டிய பிறகு, நாலு மணிக்குச் சற்று முன் பதில்:
"யோ."
அவர்கள் எழுத்தில் மூன்று பைட்டு.

போய்வந்த நேரம் பதினொன்றரை மணி.
வழக்கப்படி பாதியாய் வகுத்து
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினாள்:
ஐந்தே முக்கால் மணி நேரம்.
இன்னும் குறைக்கலாம்.