பதினோராம் மாடியில் தரையிறங்குதல்

லோரோங் கூலிட் சந்தையில், ஞாயிற்றுக்கிழமை,
நூற்றிருபது வெள்ளி சொன்னார்,
தொண்ணூறுக்கு இறங்கினார்.
ஒரே பிளாஸ்டிக் பைக்குள்
ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும்
பாசார் மீன் மாதிரி தலைகீழாகக் கிடந்தன.
“இன்னும் பறக்கும் லா” என்றார்,
தானே ஓட்டிப் பார்த்தவர் போல.

ரேலாவ் வீட்டில் மேசை ஒன்றுதான்.
வலது ஓரத்தில் ஸ்டிக்கைத் திருகி இறுக்கினேன்.
இடது பக்கம் மேசைக்கு ஓரமே இல்லை,
சுவர்.
த்ராட்டிலைத் துணி தேய்க்கும் பலகையோடு பூட்டினேன்.
முழு வேகத்துக்குத் தள்ளினால்
பலகையும் சேர்ந்து
குளிர்பெட்டி வரைக்கும் போய் நின்றது.

பிறகு அச்சுகள்.
திரையில் நான்கு பச்சைப் பட்டைகள்.
ஒன்று மட்டும் தொடாமலே துடித்தது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
கையை எடுத்தாலும் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.
பழைய சொந்தக்காரர்
ஆண்டுக்கணக்கில் இடப்பக்கமே திரும்பியிருக்கிறார்,
இந்தத் தீவையே சுற்றிச் சுற்றி வந்தாரோ என்னவோ.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பகல் முழுக்க நான் பார்ப்பதும் இதைத்தான்:
எண்ணூறு சின்ன உணரிகள்,
விட்டால் நடுவுக்கு வருகிறதா, வரவில்லையா.
வராததைச் சிவப்புத் தட்டில் போடு.
வீட்டில் சிவப்புத் தட்டு கிடையாது.
நான்கு திருகாணிகளைக் கழற்றினேன்.
உள்ளே கரித்தடம் தேய்ந்து
பழைய தோசைக்கல்லாய்ப் பளபளத்தது.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
பாதித் துடிப்பு அடங்கியது.

மீதிக்கு மென்பொருளில் ஒரு வழி உண்டு.
நடுவைச் சுற்றி இத்தனை விழுக்காடு
எதையும் காதில் வாங்காதே
என்று சொல்லிவிடலாம்.
நான்கு வைத்தால் நடுங்குகிறது.
பத்து வைத்தால் நான் சொல்வதும் கேட்பதில்லை.
ஆறு வைத்தேன்.
என் சூப்பர்வைசருக்கு எவ்வளவு வைத்திருப்பார்கள்
என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

த்ராட்டில் தலைகீழ்.
தள்ளினால் அடங்கியது, இழுத்தால் அலறியது.
சின்னக் கட்டத்தில் ஒரு டிக்.
இவ்வளவு சுலபமாக மனம் திரும்பிய
வேறொன்றை நான் கண்டதில்லை.

தனசீலன் ஷிப்ட் முடிந்து வந்தபோது மணி பன்னிரண்டரை.
பதினான்கு ஆண்டுகளாக
விமான வயிற்றில் பெட்டி ஏற்றுகிறவன், இறக்குகிறவன்.
“பிளேனா? வீட்டுக்குள்ளயுமா?”
பலகையைப் பார்த்தான். சிரிக்கவில்லை.
பூட்டைக் கழற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு,
த்ராட்டிலை மடியில் வைத்துக்கொண்டான்.
இடது கை நெம்புகோலில்,
வலது கை மீ கோரேங்கில்.

தெற்கிலிருந்து வந்தோம், கடல்மேல்,
ஓடுபாதை பூஜ்யம் நான்கு.
தூரத்தில் எங்கள் அடுக்குமாடி ஒரு சாம்பல் பெட்டி;
ஒரு துணிகூடக் காயவில்லை அதில்.
“குறை” என்றேன். குறைத்தான்.
“கொஞ்சம் கூட்டு.”
கொஞ்சம் என்பது அவனுக்கு ஓர் அளவு,
எனக்கு வேறு அளவு;
இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கியது விமானம்.
“வேகத்தைப் பாரு, வேகத்தை!”
“நீ மூக்கைப் பாரு.”
தட்.
மறுபடியும் தட்.
ஓர் இழை மீ நெம்புகோலில் தொங்கியது.
நின்றோம்.

நான் கைதட்டினேன்.
அவன் தட்டவில்லை.
த்ராட்டிலை நாற்காலியில் வைத்து எழுந்தான்,
கை கழுவிவிட்டு வந்து
திரைக்கு மூன்றடி தள்ளி நின்றான்.
“என்ஜின் இன்னும் ஓடுது.”
நிறுத்தினேன்.
“வயித்துக்கு அடியில சிவப்பு லைட்டு மின்னுது பாரு.
அது அணையாம
நாங்க யாரும் கிட்ட வரமாட்டோம்.”

ஸ்டிக்கில் பன்னிரண்டு பொத்தான்கள்.
சக்கரத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று,
சன்னல் வழியே எட்டிப் பார்க்க மட்டும் நான்கு.
அந்த விளக்கை எதற்கும் கொடுக்கவில்லை.
நீண்ட பட்டியலில் வரி வரியாகத் தேடுகிறேன்.
அவன் நிற்கிறான்,
கைகளைப் பின்னால் கட்டி,
வீட்டுத் தரையில் யாரும் வரையாத கோட்டுக்கு
அந்தப் பக்கம்.