அன்றிரவு தங்கியவர்கள்

ஆக்லாந்தில் பொன்சன்பி.
பெயரின் தலையில் பொன் இருப்பது
என் காதுக்கு மட்டும் கேட்கிற தற்செயல்.
கழுத்தில் அடையாள அட்டை, பையில் நீலப் படிவங்கள்,
மார்ச் மழைக்கு ஒரு குடை.
கேள்விகள் நிறைய, முதல் கேள்வி இதுதான்:
செவ்வாய் இரவு இந்த வீட்டில்
எத்தனை பேர் தங்கினார்கள்?

டார்வெல் தெரு, ஆறாம் எண்.
ஐந்து படுக்கையறை, ஓர் ஆள்.
ஃபிலிப்பா ஹார்கிரீவ், மயக்க மருந்து நிபுணர், அறுபத்தொன்று.
நாயையும் சேர்க்கலாமா என்று கேட்டார்.
படிவத்தில் நாய்க்கு இடமில்லை.
வீட்டில் அதற்கென்று ஓர் அறை உண்டு.

எட்டாம் எண்ணில் விளக்கு
ஆறரைக்கு எரிந்து பத்துக்கு அணைகிறது,
யாரும் தொடாமல்.
மூன்று முறை மணியடித்தேன்.
நான்காம் முறை வேலியோரம் நின்று
அது எரிவதைப் பார்த்துவிட்டு
'ஆளில்லை' என்று எழுதினேன்.

பத்தில் இரண்டு வழக்கறிஞர்கள், ஒரு குழந்தை.
குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்
இரவில் தங்குவதில்லை, ஆகவே என் கணக்கில் இல்லை.
இரண்டு பஸ் மாறிப் போய்
மாங்கரேயில் ஒன்பது பேரோடு எண்ணப்படுவாள்,
வேறு யாருடைய பையிலோ.

பதினாலின் வாசலில் ஏலப் பலகை,
குறுக்கே 'விற்றாயிற்று' என்று சிவப்புப் பட்டை.
முழு வெயில். நகரத்துக்கு நடைதூரம். குணமுள்ள வீடு.
தரகர் மொழியில் குணம் என்றால்
நூறு வயது மரம், மூடினால் முனகும் ஜன்னல்.

கதவைத் திறந்தவர் ஃபுவாதினோ ஃபலெயாஃபா.
பிறந்ததும் இங்கேதான், இந்த முன்னறையில்.
கேள்வியைக் கேட்டேன்.
சிரித்தார். இன்னொரு முறை கேளுங்கள் என்றார்.
கேட்டேன்.

"எழுபத்தாறில், எனக்கு எட்டு வயது,
விடியுமுன் நாலு மணி, டார்ச்சும் நாயுமாக
போலீஸ்காரர் கேட்டதும் இதே கேள்வி.
அப்பா ஏழு என்றார்.
நாங்கள் பதினொரு பேர்.
விசா முடிந்த நாலு பேர்
தரைப் பலகைக்கு அடியில், மண்ணில்,
மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள்."

அந்த இடத்தைத் தரகரின் சிற்றேட்டில் காட்டினார்.
நல்ல வெளிச்சம் போட்ட புகைப்படம்.
கீழே ஒரு வரி: ஒயின் அறையாக்க ஏற்ற இடம்.

எட்டாயிரம் டாலருக்கு வாங்கிய வீடாம்.
அப்போது வங்கி மேலாளர் இந்தத் தெருவை
சேரி என்றாராம். கையெழுத்துப் போட்ட பிறகும்
ஒருமுறை யோசியுங்கள் என்றாராம்.
அப்பா யோசிக்கவில்லை. தொழிற்சாலையில் அன்று இரவு ஷிஃப்ட்.

இப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை.
ஆறு பிள்ளைகள், ஒரு கூரை.
வீட்டின் மதிப்பு ஏற ஏற வரியும் ஏறியது,
குடியிருந்ததற்கே அபராதம் போல.

சனிக்கிழமை ஏலம் பதினாறு நிமிடம்.
முப்பத்தொரு லட்சத்து நாற்பதாயிரம்.
சுத்தியல் விழுந்ததும் தம்பி இயோவானே
சத்தமாகவே கேட்டான்:
இது அறைக்கு இவ்வளவா, ஆளுக்கு இவ்வளவா?
ஏலக்காரர் கூடச் சிரித்தார்.
தொலைபேசியில் வாங்கியவருக்குக் கேட்டிருக்காது.
தம்பதியாம். பெரும்பாலும் வெளிநாட்டிலாம்.

"சரி, செவ்வாய் இரவு?"
"இருபத்து மூன்று" என்றார்.

கடைசியாக ஒரு முறை என்று எல்லோரும் வந்திருந்தார்கள்.
ஓட்டாராவிலிருந்து, மாங்கரேயிலிருந்து,
பிரிஸ்பேனிலிருந்து விமானமேறி ஒருத்தி.
கூடம் முழுக்கப் பாய்.
குளியல் தொட்டியில் தலையணை போட்டுப்
படுத்தவனுக்கு ஆறடி இரண்டங்குலம்.
யாரும் தரைக்கு அடியில் இல்லை.

ஒரு படிவத்தில் எட்டுப் பேருக்குத்தான் இடம்.
மூன்று படிவம் கொடுத்தேன்.
ஒவ்வொரு பெயராக, பெரிய எழுத்தில்,
தப்பு வந்தால் அடிக்காமல் யோசித்து எழுதினார்.
கைக்குழந்தைக்கு மட்டும் பெயர் முடிவாகவில்லை.
அந்தக் கட்டத்தில் 'வந்திருக்கிறாள்' என்று எழுதிவிட்டு
என்னைப் பார்த்தார்.
விதிப்படி கூடாது.
இருக்கட்டும் என்றேன்.

என்றோ ஒருநாள் வெலிங்டனில்
இந்தத் தெருவின் சராசரியைப் போடுகிறவர்
ஒரு வீட்டில் நின்று கண்ணைக் கசக்குவார்.
பிழை என்று நினைத்து
இருபதைத் தட்டிவிட்டு மூன்றை வைத்துக்கொள்ளவும் கூடும்.

நான் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது.
மணி பத்து போலிருக்கிறது.
எட்டாம் எண்ணில்
விளக்கு தானே அணைந்தது.